மினி மக்காவ் வாங்கலாமா? முதலில் வீட்டைப் பாருங்கள்

கேள்வியின் சுருக்கம் இது: சென்னையில் மூன்றாவது மாடியில் அடுக்குமாடி வீடு. நீங்களும் கணவரும் வேலைக்குப் போகிறீர்கள், ஒன்பது வயதில் ஒரு பையன், பகலில் வீட்டில் இருப்பவர் உங்கள் மாமியார். முன்பு லவ் பேர்ட்ஸ், அப்புறம் ஒரு ஜோடி காக்டெயில் கிளி வளர்த்த அனுபவம் உண்டு. இப்போது, மினி மக்காவ் என்று விற்கப்படும் சின்ன வகைக் கிளிகளில் ஒன்றான ஹான்ஸ் மக்காவ் மேல் ஆசை. விற்பவர் ஐந்து வாரக் குஞ்சைக் காட்டி, “இப்பவே எடுத்துட்டுப் போய் நீங்களே ஊட்டுங்க, அப்பத்தான் உங்ககிட்ட ஒட்டும், விலையும் கம்மி” என்கிறார். வாங்கலாமா, எவ்வளவு சத்தம் போடும், எப்படி வளர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்தக் குஞ்சு. அதை வாங்காதீர்கள். பறவையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, அந்த வயதில் வேண்டாம். ஐந்து வாரக் குஞ்சுக்கு ஒரு நாளில் பல வேளை மாவு கரைத்து ஊட்ட வேண்டும். கரைசல் 39 முதல் 41 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் சூடு ஏறினால் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பை உள்ளேயே வெந்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து அந்த இடத்துத் தோல் கறுத்து, ஓட்டை விழுந்து, ஊட்டிய மாவு நெஞ்சு வழியாக ஒழுகும்போதுதான் தெரியும். சூடு குறைந்தால் தீனி கீழே இறங்காமல் தங்கிப் புளித்துப்போகும். சிரிஞ்சை அவசரமாக அழுத்தினால் மாவு மூச்சுக்குழலுக்குள் போய்விடும், அப்படிப் போன குஞ்சு பிழைப்பது அரிது. விலை கம்மி என்பதற்குக் காரணம், இந்த வேலையும் சாவு பயமும் விற்பவரிடமிருந்து உங்கள் தலைக்கு மாறுவதுதான்.

ஒட்டும் என்ற பேச்சும் பாதி வியாபாரம். மக்காவ் வகைக் குஞ்சுகள் தாமாகச் சாப்பிடக் கற்றுக்கொண்ட பிறகு, பறந்து பழகும் பருவத்தில், தங்கள் கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று புதிதாகப் பார்க்க ஆரம்பிக்கும். ஊட்டியவரையே விட்டுவிட்டு வேறொருவரிடம் போய் உட்காரும் பறவைகள் நிறைய. ஆகவே மூன்று மாதம் தாண்டி, ஊட்டுவதை முழுவதும் நிறுத்திய பறவையாக வாங்குங்கள். ஒரு நாள் பகலில் போய், உங்கள் கண் முன்னால் அது கிண்ணத்திலிருந்து தானாகச் சாப்பிடுகிறதா என்று அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். நெஞ்செலும்பைத் தொட்டால் இரண்டு பக்கமும் சதை இருக்க வேண்டும், கத்திபோலக் கூராகத் துருத்திக்கொண்டிருக்கக் கூடாது. மூக்குத் துளை சுத்தமாக, பின்பக்கத்து இறகு எச்சம் ஒட்டாமல் இருக்க வேண்டும். காலில் மூடிய ரிங் இருப்பது நல்ல அடையாளம். குஞ்சாக இருக்கும்போது மட்டுமே மாட்டக்கூடிய வளையம் அது, வளர்ந்த காலில் ஏறாது. ஆணா பெண்ணா என்பது கண்ணால் தெரியாது, டிஎன்ஏ சோதனைதான் வழி. அந்தச் சோதனைக்கு எடுத்த மாதிரியிலேயே, கிளிகளைத் தாக்கும் இறகு நோய் வைரஸுக்கும் பாலியோமா வைரஸுக்கும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ‘எங்க பறவைக்கு அதெல்லாம் தேவையில்லை’ என்று சொல்பவரிடம் வாங்காமல் திரும்பிவிடலாம்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டுக் கிளி வகைகளுக்குத் தடை இல்லை, ஆனால் கணக்குக் காட்ட வேண்டும். 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில், சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிர்களின் நாடுகளுக்கிடையிலான வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள உயிர்களுக்குத் தனி அட்டவணை சேர்ந்தது. 2024 பிப்ரவரியில் பதிவு விதிகள் வந்தன. அதன்படி பறவை உங்கள் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் விண்ணப்பித்துப் பதிய வேண்டும். மாநிலத் தலைமை வனவுயிர்க் காப்பாளர் அலுவலகத்துக்கு அது போகும். பறவை கை மாறினாலும், குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். ஹான்ஸ் மக்காவ் சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் வருகிறது. எனவே ரசீது, ரிங் எண், டிஎன்ஏ சான்றிதழ், விற்பவரின் பதிவு விவரம் எல்லாவற்றையும் வாங்கும் அன்றே கையில் வாங்கிவிடுங்கள். பிறகு தருகிறேன் என்றால் அது வரவே வராது.

இனி பறவை. மக்காவ்களிலேயே மிகச் சிறியது செந்தோள் மக்காவ். அதன் ஒரு கிளையினம்தான் நாம் ஹான்ஸ் என்று சொல்வது. வால் நுனிவரை 30 சென்டிமீட்டர், எடை 150 கிராம் சுற்றி. மஞ்சள் நீலப் பெரிய மக்காவ் ஒரு கிலோ வரும் என்பதோடு வைத்துப் பாருங்கள். உடல் பச்சை, நெற்றியில் கொஞ்சம் நீலம், முகத்தில் இறகில்லாத வெள்ளைத் தோல், மேலலகு கறுப்பு. இறக்கைக்கு அடியில் தோள் பக்கம் உள்ள சிவப்பு, வளர வளரத்தான் வரும். அதனால் சின்ன வயதில் பார்ப்பவர்கள் ஏதோ பெரிய கான்யூர் (இன்னொரு வகைச் சின்னக் கிளி) என்று நினைப்பதுண்டு. மேலலகு வெளிறியிருந்தால் அது நோபிள் என்கிற இன்னொரு கிளையினம், வளர்ப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. ஹான்ஸின் ஊர் கிழக்கு வெனிசுலா, கயானா, சூரினாம், வட பிரேசில். பனை மரங்கள் நிறைந்த சதுப்பும் புல்வெளியும் அதற்குப் பிடித்த இடம். கயானாவின் தலைநகர் ஜார்ஜ்டவுனில் ஊருக்குள்ளேயே மரங்களில் கூட்டமாகக் கத்திக்கொண்டு பறக்கும். கடலோர ஈரக் காற்றும் வெயிலும் அதற்குப் பழக்கமானவை. சென்னை வெயிலைச் சமாளித்துக்கொள்ளும், நிழலும் தண்ணீரும் இருந்தால்.

மினி மக்காவ் என்ற பெயரில் வேறு சிலவும் விற்பனைக்கு வரும். கழுத்துக்குப் பின்னால் மஞ்சள் பட்டையுள்ள மஞ்சள் கழுத்து மக்காவ், ஹான்ஸைவிடக் கொஞ்சம் பெரியது, கூத்தாடி. செவியர் மக்காவ் அதைவிடப் பெரியது, பருவ வயதில் கடி பலமாக இருக்கும், முதல் மக்காவாக நான் சொல்ல மாட்டேன். இல்லிகர் என்கிற நீலச்சிறகு மக்காவ் சைட்டிஸ் முதல் பட்டியலில் இருப்பது, காகித வேலை கடுமை. உங்கள் வீட்டுக்கு எது என்றால் ஹான்ஸ்தான், அதில் நீங்கள் யோசித்தது சரி.

ஆனால் காக்டெயில் அனுபவத்தை வைத்து இதைக் கணக்குப் போடாதீர்கள். ஹான்ஸுக்கு உடம்புதான் சின்னது. அலகு, குரல், பிடிவாதம், ஆயுள் எல்லாம் மக்காவுக்கு உரியவை. சரியாக வளர்த்தால் 25, 30 வருடம் சாதாரணம், அதற்கு மேலும் இருக்கும். உங்கள் பையன் கல்யாணம் செய்யும்போதும் அது இருக்கும். அதனால் பறவையைப் பற்றிய கேள்விகளைவிட வீட்டைப் பற்றிய கேள்விகள்தான் முக்கியம்: உங்கள் வீட்டுக் காற்று எப்படி, பக்கத்து வீட்டுக்காரர் எப்படி, பகலில் யார் இருக்கிறார்கள்.

காற்றிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வீட்டுக் கிளிகள் திடீரென்று சாவதற்கு இது ஒரு பெரிய காரணம். பறவைக்கு நுரையீரலோடு சேர்ந்து உடம்பு முழுக்கக் காற்றுப் பைகள் உண்டு. மூச்சை உள்ளே இழுக்கும்போதும் வெளியே விடும்போதும் நுரையீரல் வழியாகப் புதுக் காற்று ஒரே திசையில் போய்க்கொண்டே இருக்கும். பறப்பதற்கு அந்த அமைப்பு தேவை. ஆனால் காற்றில் விஷம் இருந்தால் அதையும் அதே திறமையோடு உறிஞ்சிவிடும். நான்ஸ்டிக் தவாவை அடுப்பில் வைத்துவிட்டு மறந்து, அது 280 டிகிரி வாக்கில் சூடேறினால், பூச்சிலிருந்து கிளம்பும் புகை நமக்குக் கண்ணுக்கே தெரியாது. அடுத்த அறையில் இருக்கும் கிளி சில நிமிடத்தில் கூண்டின் அடியில் விழுந்து கிடக்கும். மருந்து கிடையாது. ஹான்ஸ் வாங்கினால் தோசைக்கல் இரும்புக்கு மாற வேண்டும், அவ்வளவுதான். ஏர் ஃப்ரையர், வாஃபிள் மேக்கர், சில இஸ்திரிப் பெட்டிகளின் அடிப்பகுதி எல்லாவற்றிலும் இதே பூச்சு இருக்கும்.

அடுத்தது நம் வீடுகளுக்கே உரிய புகைகள். கொசுவர்த்திச் சுருள், பிளக்கில் செருகும் கொசு மருந்து, ஊதுபத்தி, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, பீரோவில் போடும் அந்துருண்டை, கழிப்பறை வாசனை வில்லை, செண்ட் ஸ்பிரே. இதில் எதுவுமே பறவை இருக்கும் அறையில் ஆகாது. சென்னையில் கொசு இல்லாமல் முடியாது என்பீர்கள். ஜன்னலுக்கு வலை அடித்துவிடுங்கள், அது பறவை வெளியே பறந்து போகாமலும் காக்கும். பூஜை அறை தனியாகக் கதவோடு இருந்தால் சாம்பிராணி அங்கேயே முடியட்டும், ஹாலிலேயே சாமி அலமாரி என்றால் கூண்டை ஹாலில் வைக்க முடியாது. இதை மாமியாரிடம் வாங்குவதற்கு முன்னால் பேசுங்கள், வாங்கிய பின் பேசினால் சண்டையில்தான் முடியும். போகி அன்றும் தீபாவளி அன்றும் ஜன்னல்களை அடைத்து, உள் அறையில் சின்ன விளக்கு எரியவிட்டு, பக்கத்தில் ஒருவர் இருப்பது நல்லது. வெடிச் சத்தத்தில் இருட்டில் மிரண்டால் கூண்டுக்குள்ளேயே அடித்துக்கொண்டு இறக்கையை முறித்துக்கொள்ளும்.

மின்விசிறியையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பறவை வெளியே இருந்தால் விசிறி ஓடக் கூடாது. இதற்கு விதிவிலக்கு கிடையாது. சுவிட்சின் மேல் ஒரு அட்டையை ஒட்டிவையுங்கள், விருந்தாளி வந்தால் பழக்கதோஷத்தில் போட்டுவிடுவார்.

சத்தம். பெரிய மக்காவ் மாதிரி தெருவே அதிராது. ஆனால் ஹான்ஸின் குரல் கீச்சென்று கூர்மையாகச் சுவரைத் தாண்டும். காலையில் விடிந்ததும், மாலையில் வெளிச்சம் இறங்கும்போதும் கத்தும். காட்டில் கூட்டம் பிரியும்போதும் சேரும்போதும் கத்துகிற அதே கத்தல். அதை நிறுத்த முடியாது, நிறுத்த நினைக்கவும் வேண்டாம். மற்ற நேரத்துக் கத்தல் வேறு. நீங்கள் அறையை விட்டுப் போனதும் ‘எங்கே போனாய்’ என்று கூப்பிடும். அப்போது ஓடி வந்தாலும், ‘சும்மா இரு’ என்று அதட்டினாலும் இரண்டும் அதற்குப் பதில்தான். கத்தினால் ஆள் வருகிறது என்று இரண்டு நாளில் கற்றுக்கொள்ளும். அதற்குப் பதிலாக ஒரு சின்ன விசில் பழக்குங்கள். பறவை மெதுவான குரலில் கூப்பிடும்போது அடுத்த அறையிலிருந்து அந்த விசிலை அடியுங்கள், அலறும்போது பதில் கொடுக்காதீர்கள். இது வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே மாதிரி செய்தால்தான் பலிக்கும், ஒருவர் அதட்டினாலும் கெட்டது. கூண்டைத் துணியால் மூடித் தண்டிப்பதும் பயன் தராது. பக்கத்து வீட்டில் கைக்குழந்தையோ, இரவு ஷிஃப்ட் முடித்துக் காலையில் தூங்குபவரோ இருந்தால் இந்தப் பறவையைப் பற்றி இன்னொரு முறை யோசியுங்கள்.

நேரம் என்று வரும்போது உங்கள் வீட்டில் முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள் இல்லை, மாமியார்தான். காலை எட்டரைக்குப் போய் மாலை ஏழுக்கு வரும் உங்களைவிட, பகல் முழுக்கக் கண்ணில் படுபவரை அந்தப் பறவை தன் ஆளாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். அவர் நாற்காலிக் கையில் உட்கார்ந்து அவர் கண்ணாடிக் காம்பைக் கடிக்கும், நீங்கள் பக்கத்தில் வந்தால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு துரத்தும். காசு கொடுத்து வாங்கியவரைக் கடித்துவிட்டு, கிளியே வேண்டாம் என்று சொன்னவரிடம் கொஞ்சும் பறவைகளை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவருக்கு விருப்பம் இருந்தால் இதைவிட நல்ல வீடு அமையாது. விருப்பம் இல்லையென்றால், தினமும் பத்து மணி நேரம் தனியாகக் கூண்டில் கிடக்கும் மக்காவ் கத்தவும் தன் இறகைத் தானே பிடுங்கவும் ஆரம்பிக்கும். பிடுங்கும் பழக்கம் பிடித்துவிட்டால் விடுவிப்பது மிகக் கடினம். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரமாவது கூண்டுக்கு வெளியே, கண்காணிப்பில் இருக்க வேண்டும். ராத்திரி பத்து முதல் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். டிவியில் சீரியல் பத்தரை வரை ஓடும் ஹாலில் தூங்கவைக்காதீர்கள், இருட்டான அறையில் சின்னத் தூக்கக் கூண்டு ஒன்று வைத்தால் வேலை முடிந்தது.

கூண்டைப் பற்றிச் சுருக்கமாக. நீளம், அகலம் இரண்டும் இரண்டடி, உயரம் மூன்றடி குறைந்தபட்சம். கம்பி இடைவெளி முக்கால் அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, தலை மாட்டிக்கொள்ளும். உள்ளூரில் அடித்துத் தரும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) வலைக் கூண்டு விலை மலிவு, ஆனால் மக்காவ் நாள் முழுக்கக் கம்பியைக் கடிப்பதால் துத்தநாகம் வயிற்றில் போய் விஷமாகும். முடிந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இல்லையென்றால் நல்ல பவுடர் கோட்டிங். உட்காருவதற்குக் கடையில் வரும் வழுவழு உருளைகளை எடுத்துவிட்டு, பட்டையோடு கொய்யா, வேப்பங் கொம்புகளைக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். தடிமன் மாறி மாறி இருந்தால்தான் பாதத்தில் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து புண் வராது. வாரத்துக்கு ஒரு கொம்பைப் பட்டை உரித்துச் சக்கையாக்கிவிடும், அதுதான் நமக்கு வேண்டியது. அரளி, குரோட்டன்ஸ், எருக்கு எதுவும் பக்கத்திலேயே வரக் கூடாது.

சாப்பாட்டில்தான் நம் ஊரில் பெரும்பாலான கிளிகள் வீணாகின்றன. சூரியகாந்தி விதையும் நிலக்கடலையும் மட்டும் போட்டால் விரும்பிச் சாப்பிடும், பளபளப்பாகவும் தெரியும். உள்ளே கொழுப்பு ஏறி ஈரல் கெடும், வைட்டமின் ஏ குறைந்து வாய்க்குள் வெள்ளைத் திட்டு வரும், அடிக்கடி சளிப் பிடிக்கும். நிலக்கடலை சரியாகக் காயாமல் இருந்தால் பூஞ்சை நஞ்சு வேறு. மக்காவ்கள் காட்டில் பனைக்காய் மாதிரிக் கொழுப்பான காய்களைத் தின்பவைதான், அது உண்மை. ஆனால் நாள் முழுக்கப் பறந்து அதைச் செலவழிக்கின்றன. வீட்டு ஹான்ஸ் சீக்கிரம் கொழுத்துவிடும்.

பாதிக்கு மேல் நல்ல பெல்லட் (கிளிகளுக்கென்றே தயாரித்து விற்கும் உருண்டைத் தீனி), ஒரு நாளைக்கு ஏறக்குறைய இரண்டு மேசைக்கரண்டி. மீதியில் பெரும்பங்கு காயும் கீரையும். நம் காய்கறிக் கடையே போதும்: முருங்கைக்கீரை, கேரட், பரங்கிக்காய், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பீன்ஸ், குடைமிளகாய். முருங்கைக்கீரையை உருவாமல் கொத்தாகவே கூண்டில் கட்டித் தொங்கவிடுங்கள், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஒவ்வோர் இலையாகக் கிள்ளும், அரை மணி நேரம் போகும். பச்சை மிளகாயை நறுக்கிக் கொடுத்தால் விதையோடு ரசித்துத் தின்னும். அந்தக் காரம் பறவைகளுக்கு உறைக்காது. பிறகு அதே அலகோடு உங்கள் கன்னத்தை உரசும், அது உங்களுக்கு உறைக்கும். முளைகட்டிய பச்சைப்பயறு, கம்பு நல்லவை, ஆனால் இந்த வெயிலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் கிண்ணத்தில் வைக்காதீர்கள். பழம் கொஞ்சம்: கொய்யா, பப்பாளி, மாதுளை. ஆப்பிள் தரலாம், விதையை எடுத்துவிட்டு. விதையும் கடலையும் கிண்ணத்தில் போடாமல் பயிற்சிக்குப் பரிசாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் அதற்கு மதிப்பு இருக்கும்.

கொடுக்கவே கூடாதவை: அவகாடோ, சாக்லேட், காபி, டீ, வெங்காயம், பூண்டு, ஊறாத வேகாத பெரிய பயறு வகைகள், உப்பும் எண்ணெயும் உள்ள எதுவும். மாலையில் டீயோடு மிக்சர் சாப்பிடும்போது தோளில் உட்கார்ந்து அது கேட்கும், பாட்டிகள் மனசு கேட்காமல் கொடுத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் அதற்கென்று ஒரு கிண்ணத்தில் ரெண்டு பாதாம் துண்டு வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. விதைக்குப் பழகிய பறவையைப் பெல்லட்டுக்கு ஒரே நாளில் மாற்ற வேண்டாம். அது பட்டினி கிடந்தே செத்துப்போகும். வாரக் கணக்கில் கலந்து கலந்து மாற்ற வேண்டும், தினமும் எடை பார்த்தபடி.

எடை என்றதும்: சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள், கிராம் காட்டுவது. மேலே ஒரு சின்ன டி வடிவக் கொம்பை வைத்து, காலையில் எச்சம் போட்ட பிறகு, தீனிக்கு முன்னால் ஏறி நிற்கப் பழக்குங்கள். நோட்டில் தேதியும் எடையும் மட்டும் எழுதினால் போதும். பறவை நோயைக் கடைசி வரை மறைக்கும், இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடி உட்காரும்போது நிலைமை ஏற்கெனவே முற்றியிருக்கும். தராசு மட்டும் முன்னாலேயே காட்டிக் கொடுக்கும். 150 கிராமில் 15 கிராம் குறைந்தால், பறவை கலகலப்பாகவே இருந்தாலும் மருத்துவரிடம் போகும் நேரம் அது.

எச்சத்தையும் தினமும் பாருங்கள். கூண்டு அடியில் செய்தித்தாள் போட்டால் தெளிவாகத் தெரியும். மூன்று பாகம் இருக்கும்: பச்சையோ பழுப்போ ஆன கெட்டிப் பகுதி, வெள்ளைச் சுண்ணாம்பு போன்றது, தெளிந்த நீர். வெள்ளை மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் ஈரலைச் சந்தேகிக்க வேண்டும். சாப்பிட்ட விதை அப்படியே முழுசாக வெளியே வந்து, நன்றாகத் தின்றும் இளைத்தால், மக்காவ்களில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு நரம்பு நோயின் அறிகுறியாக இருக்கலாம். அதற்குக் காரணமான போர்னா வைரஸ் 2008இல்தான் அடையாளம் காணப்பட்டது. பீட்ரூட் கொடுத்த மறுநாள் சிவப்பாகப் போவதைப் பார்த்து மட்டும் பதற வேண்டாம். மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுவது, கூண்டுத் தரையில் உட்கார்ந்திருப்பது இரண்டும் அன்றைக்கே போக வேண்டிய அவசரம். எல்லாக் கால்நடை மருத்துவருக்கும் கிளி பார்த்துப் பழக்கம் இருக்காது, வாங்கும் முன்னாலேயே பறவை பார்ப்பவர் யார் என்று விசாரித்து எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சென்னையில் இருப்பது உங்களுக்கு ஒரு வசதி. கிளியிடமிருந்து மனிதருக்கு வரும் சிட்டகோசிஸ் என்ற தொற்றும் உண்டு. வீட்டில் பெரியவர் இருப்பதால் புதுப் பறவைக்கு அதையும் பரிசோதித்துவிடுங்கள், விடாத காய்ச்சலும் இருமலும் வந்தால் வீட்டில் கிளி இருக்கிறது என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

இனிக் கடி. மக்காவுக்கு அலகுதான் மூன்றாவது கால். விரலை நீட்டினால் முதலில் அலகால் பிடித்து அழுத்திப் பார்க்கும், ஆடாமல் நிற்குமா என்று சோதித்துவிட்டுத்தான் காலை எடுத்து வைக்கும். இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் கடிக்க வருகிறது என்று கையைப் பின்னால் இழுத்துவிடுவார்கள். இரண்டு தடவை இழுத்தால் போதும், இந்தக் கொம்பு நம்பத் தகுந்ததில்லை என்று அது முடிவு செய்துவிடும், மூன்றாவது தடவை நிஜமாகவே கடிக்கும். கையை அசைக்காமல் வைத்திருங்கள். உண்மையான கடிக்கு முன்னால் எச்சரிக்கை இருக்கும்: கண்மணி சுருங்கிச் சுருங்கி விரியும், பிடரி இறகு நிற்கும், உடம்பு விறைத்து முன்னால் சாயும். அப்போது பின்வாங்குவது தோல்வி ஆகாது, அதன் பேச்சை நீங்கள் புரிந்துகொண்டதாக அர்த்தம். ‘யார் எஜமான் என்று காட்ட வேண்டும்’ என்று அலகில் தட்டுவது, கூண்டை ஆட்டுவது எல்லாம் பறவையைக் கெடுக்கும் வேலை.

பழக்குவதற்கு ஒரு குச்சி போதும். குச்சியின் நுனியை அலகால் தொட்டால் உடனே ‘சரி’ என்று ஒரே தொனியில் சொல்லி ஒரு விதை. பிறகு குச்சி போகும் இடத்துக்கெல்லாம் வரும், கூண்டுக்குள்ளும் தானாகப் போகும். ஐந்து நிமிடம், ஒரு நாளில் இரண்டு முறை. இதை உங்கள் பையனிடமே கொடுங்கள், கூண்டுக் கம்பிக்கு வெளியே இருந்தே செய்யலாம், விரலுக்கு ஆபத்து இல்லை. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோவதும் தோளில் ஏற்றுவதும் குழந்தைக்கு வேண்டாம், உதட்டில் ஒரு கடி என்றால் தையல் போட வேண்டி வரும். இன்னொன்று, பையனிடம் சொல்லிவையுங்கள்: பறவையை நெஞ்சைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கக் கூடாது. அதற்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது, நெஞ்சுக்கூடு அசைந்தால்தான் மூச்சு.

பேச்சு வருமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஹான்ஸ் சின்ன மக்காவ்களில் நன்றாகப் பேசுவது, ஆனால் உத்தரவாதம் இல்லை. நீங்கள் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கும் வார்த்தையைவிட, தினமும் உணர்ச்சியோடு சொல்வதைப் பிடித்துக்கொள்ளும். காலிங் பெல்லும் குக்கர் விசிலும் முதலில் வரும்.

இரண்டு மூன்று வயதில் பருவம் வரும்போது குணம் மாறும். நேற்றுவரை கொஞ்சிய பறவை சோபாவுக்கு அடியில் இருட்டில் போய் உட்கார்ந்து, கிட்டே போனால் பாயும். முதுகையும் வால் அடியையும் தடவினால் அது இணை சேர்வதற்கான அழைப்பு என்று எடுத்துக்கொள்ளும், ஆகவே தலையும் கழுத்தும் மட்டும் தடவுங்கள். அட்டைப் பெட்டி, திறந்த டிராயர், போர்வைக்கு அடி எதிலும் நுழைய விடாதீர்கள். பெண் பறவையாக இருந்தால் ஆண் இல்லாமலேயே முட்டை வைக்கலாம், முட்டை வெளியே வராமல் சிக்கினால் உயிருக்கு ஆபத்து. பலர் இந்தப் பருவத்தில்தான் பறவையை விற்றுவிடுகிறார்கள். அப்படி விற்பனைக்கு வரும் மூன்று நான்கு வயது ஹான்ஸ் ஒன்று நல்ல வீட்டிலிருந்து கிடைத்தால், காகிதங்கள் சரியாக இருந்தால், குஞ்சைத் தேடுவதை விட்டுவிட்டு அதைப் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். குணம் கண் முன்னால் இருக்கிறது, சத்தம் காதில் கேட்கிறது, உங்கள் மாமியாரை அழைத்துக்கொண்டு போய் ஒரு சாயங்காலம் முழுக்க அதோடு உட்காரவும் முடியும்.

பறக்கும் இறகை வெட்டுவதா என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. என் கருத்து: வலை அடித்த வீட்டில் வெட்ட வேண்டாம், பறப்பதுதான் அதற்கு உடற்பயிற்சி. வெட்டிய பறவை பயந்து குதித்தால் கல்லாட்டம் விழுந்து நெஞ்செலும்பு பிளந்துகொள்ளும், மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து காற்றில் பாதி தூரம் போய்த் தெருவிலும் இறங்கும். பீச்சில் திறந்தவெளியில் பறக்கவிடும் வீடியோக்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், பருந்துக்கு அது புது இரை. காலை இளவெயில் அவசியம், கண்ணாடி ஜன்னல் வழியாக வருவதில் பயன் இல்லை. சின்னக் கூண்டோடு பால்கனியில் கால் மணி நேரம், பாதி நிழலாக, பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், காகம் விடாது. வெயில் காலத்தில் தினமும் தண்ணீர் தெளியுங்கள். இறக்கையை உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு வாயால் மூச்சு வாங்கினால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம்.

கடைசியாக ஊருக்குப் போவது. பொங்கலுக்கு நான்கு நாள் ஊருக்குப் போனால் பறவையை யார் பார்ப்பார்கள் என்பதற்கு இப்போதே ஒரு பெயர் வேண்டும். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து ‘தீனி மட்டும் போடுங்க’ என்பது காக்டெயிலுக்கு ஓடும், இதற்கு ஓடாது. வாங்கிய முதல் மாதத்திலிருந்தே பயணக் கூண்டில் அரை மணி நேரம் காரில் கூட்டிப்போய்ப் பழக்கினால், கூடவே கூட்டிக்கொண்டு போகலாம். பதிவு நகலையும் வாங்கிய ரசீதையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். காரில் வாசனை டப்பா இருந்தால் அதை முதல் நாளே எடுத்துவிடுங்கள்.